அக்கா வீட்டுத் தகரமும் நாட்டின் அரிமான வரைபடமும்

2021இல் காரைக்குடியில் ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே கட்டிலிருந்து பிரித்த ஜிஐ ஷீட்டுகளை, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புத் தகரங்களை வாங்கினோம். நான்கு ஷீட் என் வீட்டில் பைக் நிறுத்தும் சாய்ப்புக்கு. மீதி ஒன்பதும் ராமேஸ்வரம் தீவில் இருக்கும் தங்கச்சிமடத்துக்குப் போயின. அக்கா வீட்டுக் கொல்லையில் விறகும் பழைய சாமான்களும் போட்டுவைக்க ஒரு கொட்டகை போடவேண்டியிருந்தது. கடைக்காரர் சல்லிசாகக் கொடுத்தார், குட்டி யானையில் ஏற்றிவிட்டோம். நூறு கிலோமீட்டருக்கு மேல் போய் இறங்கின.

2023 ஆடியில் அக்காவிடமிருந்து போன். "தம்பி, கொட்டகைத் தகரம் இத்துப் போச்சுடா. விரலை வச்சா உள்ள போகுது."

போய்ப் பார்த்தேன். விரல் உள்ளே போனது நிஜம்தான். ஆனால் போன இடம்தான் ஆச்சரியம். வெயிலும் மழையும் படுகிற மேல்பக்கம் சுமாராகத்தான் இருந்தது. சாம்பல் நிறத்தில் வெளுத்து, ஸ்குரூ தலைகளைச் சுற்றி மட்டும் செம்பழுப்பாக வளையம் கட்டியிருந்தது. கீழ்ப்பக்கத்தைத் தடவினால் துரு அப்பளம் மாதிரி உதிர்ந்தது. ஒரு ஷீட்டின் மேல் இன்னொன்று ஏறி உட்காரும் விளிம்புகள்தான் முதலில் ஓட்டையாகியிருந்தன. அதாவது, மழை படாத இடம்தான் அதிகம் அரித்திருந்தது.

ஊருக்குத் திரும்பி என் சாய்ப்பை ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன். புதுத் தகரத்தில் பூப்பூவாகத் தெரியுமே துத்தநாகத்தின் படிக வடிவம், அதுகூட அழியவில்லை. கடைக்காரரிடம் சொன்னபோது அவர் தலையில் அடித்துக்கொண்டார். "கடலோரத்துக்குன்னு சொல்லியிருந்தா நான் வேற சரக்கு கொடுத்திருப்பேனேங்க."

தப்பு என் மேல்தான். எந்த ஊருக்கு என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவருடைய அந்த ஒரு வரியில் ஒரு பெரிய அறிவியல் வேலை அடங்கியிருக்கிறது. எந்த ஊர்க் காற்று எந்த உலோகத்தை எவ்வளவு தின்னும் என்று நாடு முழுக்க அளந்து வண்ணம் தீட்டும் வேலை. இந்தியாவில் அந்த வேலையைச் செய்கிற முக்கியமான நிறுவனம் என் ஊரில்தான் இருக்கிறது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

சிக்ரி மைதானத்துத் தகடுகள்

காரைக்குடியில் யாரைக் கேட்டாலும் 'சிக்ரி' என்பார்கள். முழுப் பெயர் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம். வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14இல் அன்றைய குடியரசுத் துணைத் தலைவர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். பேட்டரி, மின்முலாம் ஆகியவற்றோடு அரிமானமும், அதாவது உலோகம் துருப்பிடித்து அரிபடுவதை ஆராய்வதும், இந்த நிறுவனத்தின் ஆரம்பகால வேலைகளில் ஒன்று. கடலோரச் சோதனைக்கென்று ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் மண்டபம் என்ற ஊரில் அதற்கு ஒரு நிலையம் இருக்கிறது. இந்தியாவின் அரிமான வரைபடத்தைப் புதுப்பித்ததும் இவர்கள்தான். 2006இல் நடேசன், வெங்கடாச்சாரி, பழனிசாமி ஆகியோர் நாட்டின் 10 கள நிலையங்களில் மென்னெஃகு (மைல்ட் ஸ்டீல்), துத்தநாகம், ஜிஐ, அலுமினியம் ஆகிய நான்கும் எப்படி அரிக்கின்றன என்று ஆய்விதழ் ஒன்றில் எழுதினார்கள். இந்த வரிசையில் முக்கியமான கட்டுரைகளில் அதுவும் ஒன்று.

இந்தச் சோதனையைப் பார்த்தால் 'இவ்வளவுதானா?' என்று தோன்றும். 10க்கு 15 சென்டிமீட்டர் அளவில் ஒரு இரும்புத் தகடு. எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவி, காயவைத்து, எடை போட்டு, சாய்வான சட்டத்தில் பீங்கான் அல்லது பிளாஸ்டிக் பிடியில் மாட்டுவார்கள். சட்டத்து உலோகம் தகட்டைத் தொடக்கூடாது. தொட்டால் இரண்டு உலோகமும் சேர்ந்து ஒரு சின்ன பேட்டரியாகிவிடும், கணக்குக் கெட்டுவிடும். ஒரு வருடம் வெயிலில், மழையில், காற்றில் விட்டுவிடுவார்கள். பிறகு எடுத்து, துருவை மட்டும் கரைத்து நல்ல இரும்பைத் தொடாத அமிலக் கரைசலில் ஊறவைத்துக் கழுவி, மறுபடி எடை போடுவார்கள். குறைந்த எடைதான் விடை.

3 மில்லிமீட்டர் தடிமனுள்ள தகடு சுமார் 354 கிராம் இருக்கும். வருடத்தில் இரண்டு பக்கமும் 50 மைக்ரான் வீதம் போனால் 12 கிராம் குறையும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, தலைமுடியே 50லிருந்து 100 மைக்ரான் தடிமன் இருக்கும். வருடத்துக்கு முடியளவு என்று கேட்கும்போது பயமாக இருக்காது. ஆனால் கடையில் 120 ஜிஎஸ்எம் என்று விற்கிற ஜிஐ ஷீட்டில் இருக்கும் துத்தநாகப் பூச்சு இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 120 கிராம்தான். பக்கத்துக்கு 60 கிராம், தடிமனில் எட்டரை மைக்ரானுக்கும் சற்றுக் குறைவு. அது தீர்ந்துவிட்டால் உள்ளே இருக்கிற இரும்பு நேராகக் காற்றுக்கு வந்துவிடும்.

இதற்கு உலகம் முழுக்கப் பயன்படும் ஒரு பட்டியல் இருக்கிறது, ஐஎஸ்ஓ 9223. காற்றை சி1 முதல் சி5 வரை பிரித்து, அதற்கும் மேலே சிஎக்ஸ் என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். முதல் வருடத்தில் இரும்பு 25 மைக்ரான் வரை போனால் சி2. 25லிருந்து 50 வரை சி3, 80 வரை சி4, 200 வரை சி5, அதற்கு மேல் 700 வரை சிஎக்ஸ். துத்தநாகத்துக்குத் தனி அளவு உண்டு: சி2 என்றால் வருடத்துக்கு 0.1லிருந்து 0.7 மைக்ரான், சி5 என்றால் 4.2லிருந்து 8.4.

இப்போது என் ஷீட்டுக்கு வருவோம். சி2 காற்றில் எட்டரை மைக்ரான் பூச்சு குறைந்தது 12 வருடம் தாங்கும். சி5 காற்றில் ஒன்றிலிருந்து இரண்டு வருடம். அக்கா வீட்டில் இரண்டு வருடத்தில் கதை முடிந்தது. பட்டியலைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. எல்லாம் ஏற்கெனவே எழுதிவைத்திருக்கிறார்கள்.

தில்லித் தூண் சொன்னது

அரிமானம் என்றதும் தில்லி இரும்புத் தூணை இழுத்துவருவது நம் ஆட்களின் வழக்கம். 7.2 மீட்டர் உயரம், 6 டன்னுக்கு மேல் எடை, 1,600 வருடமாக மழையில் நிற்கிறது, 'அந்தக் காலத்து ரகசியம்' என்று முடித்துவிடுவார்கள். ரகசியம் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அந்த இரும்பில் பாஸ்பரஸ் அதிகம். அதனால் துருவுக்கு அடியில் பாஸ்பேட் சேர்ந்த காப்புப்படலம் உருவாகிறது என்பதைக் கான்பூர் ஐஐடியின் ஆர். பாலசுப்ரமணியம் விரிவாக நிறுவியிருக்கிறார்.

ஆனால் வரைபடக்காரர்களுக்கு முக்கியமான தகவல் வேறு. ஜே.சி. ஹட்சன் என்ற பிரிட்டிஷ் அரிமான ஆய்வாளர் தூணை விட்டுவிட்டுக் காற்றைச் சோதித்தார். சாதாரண எஃகுத் துண்டும் துத்தநாகத் துண்டும் தூணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். 1953இல் நேச்சர் இதழில் முடிவை எழுதினார். சாதாரண எஃகே அங்கு மிகக் குறைவாகத்தான் துருப்பிடித்தது. ஷெஃபீல்டு மாதிரியான இங்கிலாந்துத் தொழில் நகரங்களில் அதே எஃகு பல மடங்கு வேகமாகப் போனது. அந்த இரும்பு நல்ல இரும்புதான், ஆனால் அது நின்ற காற்றும் நல்ல காற்று. இதே தூணை ராமேஸ்வரம் அக்னிதீர்த்தக் கரையில் நட்டிருந்தால் இந்தப் பெருமையைப் பேச நமக்கு வாய்ப்பு இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

சரி, தில்லியில் மழை பெய்கிறதே, அப்புறம் ஏன் துருப்பிடிக்கவில்லை? 1930களில் வெர்னன் என்ற வேதியியலாளர் லண்டனில் செய்த சோதனைகள் இதற்குப் பதில் சொல்கின்றன. சுத்தமான காற்றில் ஈரப்பதத்தை ஏற்றிக்கொண்டே போனாலும் இரும்பு மெதுவாகத்தான் அரித்தது. அதில் கொஞ்சம் கந்தக டை ஆக்சைடைக் கலந்ததும், ஈரப்பதம் ஏறக்குறைய 60 சதவீதத்தைத் தாண்டிய இடத்தில் துரு சட்டென்று மேலேறியது. ஈரம் மட்டும் வந்தால் பெரிய ஆபத்தில்லை. கந்தகத்தையோ உப்பையோ கூட்டிக்கொண்டு வந்தால்தான் ஆபத்து.

கடல் உப்பு இந்த விஷயத்தில் இன்னும் கெட்டிக்காரத்தனமானது. சாப்பாட்டு உப்பு 75 சதவீத ஈரப்பதத்தில்தான் நீர்த்துப்போகும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அது 33 சதவீதத்திலேயே காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஆகவே உப்புப் படிந்த இரும்பு நட்டநடு மத்தியானத்திலும் கண்ணுக்குத் தெரியாத ஈரத்தோடுதான் இருக்கும். உப்புச் சாடியில் மழைக்காலத்தில் அரிசி போட்டுவைக்கிற எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான் இது, கொஞ்சம் பெரிய அளவில்.

சூத்திரத்துக்கு உள்ளே

நாடு முழுக்கத் தகடு மாட்ட முடியாது. எனவே காற்றை அளந்து துருவைக் கணிக்க ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள், அதுவும் ஐஎஸ்ஓ 9223இலேயே இருக்கிறது. அதற்கு நான்கே விஷயம் தெரிந்தால் போதும்: சராசரி வெப்பநிலை, சராசரி ஈரப்பதம், ஒரு சதுர மீட்டரில் ஒரு நாளில் படியும் கந்தக டை ஆக்சைடு, அதே போலப் படியும் குளோரைடு. குளோரைடை அளக்கும் கருவியைப் பார்த்தால் விளக்குத் திரி மாதிரி இருக்கும். குழாயில் சுற்றிய துணித் திரி, கீழே கிளிசரினும் தண்ணீரும் கலந்த குடுவை, மேலே மழைபடாமல் ஒரு கூரை. காற்றில் வரும் உப்பு ஈரத் திரியில் ஒட்டிக்கொள்ளும். மாதம் ஒரு முறை கழுவி, எவ்வளவு உப்பு என்று சோதனைச்சாலையில் பார்த்துவிடுவார்கள்.

சூத்திரத்தை வைத்து நானே ஒரு கணக்குப் போட்டேன். இந்த எண்கள் எந்த ஊரிலும் அளந்தவை அல்ல, விஷயம் புரிய நான் எடுத்துக்கொண்டவை. வெப்பநிலை எல்லாவற்றுக்கும் 28 டிகிரி.

கடலிலிருந்து தள்ளியிருக்கும் ஊர் மாதிரி ஒன்று: ஈரப்பதம் 60 சதவீதம், கந்தகம் 5 மில்லிகிராம், குளோரைடு 3. விடை வருடத்துக்கு சுமார் 10 மைக்ரான், சி2. கடலை ஒட்டி ஒன்று: ஈரப்பதம் 80, கந்தகம் 10, குளோரைடு 300. விடை 161 மைக்ரான், சி5. மூன்றாவதாக அதே கடலோர எண்களில் குளோரைடை மட்டும் 300லிருந்து 30 ஆக்கினேன். 47 மைக்ரானுக்கு இறங்கிவிட்டது, சி3. அந்த 161இல் கந்தகத்தின் பங்கு 11தான்.

சூத்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் வெப்பநிலை வரும் விதம். கந்தகப் பகுதியில் 10 டிகிரிக்கு மேல் வெப்பம் ஏற ஏறத் துரு குறைகிறது, ஏனென்றால் சூடான தகடு சீக்கிரம் காய்ந்துவிடுகிறது. உப்புப் பகுதியில் வெப்பம் ஏற ஏறத் துருவும் ஏறுகிறது. உப்புதான் காயவிடாதே. அதாவது ஒரே வெயில் ஒருவனுக்கு மருந்து, மற்றவனுக்கு விஷம். ஐரோப்பாவில் அரிமான வரைபடம் என்றால் பெரும்பாலும் நிலக்கரிப் புகையின் வரைபடம். அமில மழை பற்றிய கவலையில் 1987இலிருந்து ஐநாவின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் கீழ் பல நாடுகள் சேர்ந்து தகடு மாட்டி வருகின்றன. அங்கே 1990க்குப் பிறகு கந்தகப் புகை குறையக் குறைய இரும்பின் ஆயுளும் கூடியது. நம்முடையது வேறு கதை. இந்தியத் தீபகற்பத்தில் உப்பும் வெயிலும்தான் முதல் ஆட்கள், புகை இரண்டாவது ஆள்.

ஆனால் சூத்திரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் கூடாது. எஃகுக்கான இந்தச் சூத்திரம் 128 அளவீடுகளிலிருந்து பொருத்தி எடுத்தது. அந்த அளவீடுகளில் அதிகபட்ச ஆண்டுச் சராசரி வெப்பநிலை 28.7 டிகிரி. சென்னையின் சராசரி 28க்கும் 29க்கும் இடையில்! நம் கிழக்குக் கரை சூத்திரத்தின் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது. விடையில் மூன்றில் ஒரு பங்கு குறையவோ பாதி கூடவோ செய்யலாம் என்று தரநிலையே ஒப்புக்கொள்கிறது. என் 47 மைக்ரான் உண்மையில் 31 ஆகவும் இருக்கலாம், 70 ஆகவும் இருக்கலாம். 70 என்றால் அது சி4.

இன்னொரு குறை: எஃகுச் சூத்திரத்தில் மழையே கிடையாது, காற்றின் திசையும் கிடையாது. மங்களூரில் வருடத்துக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டி உப்பைக் கழுவிவிடும். தூத்துக்குடியில் பெய்வது அதில் ஒரு சிறு பங்கு. அங்கே உப்பளத்தில் விளைவது போலவே தகரத்திலும் உப்பு விளையும் என்று சொன்னால் மிகைதான், ஆனால் ரொம்பவும் மிகையில்லை. அப்புறம் எண்ணூர், மணலி மாதிரி இடங்கள். கடலும் அனல்மின் நிலையமும் சுத்திகரிப்பு ஆலையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. சூத்திரம் கந்தகத்தைத் தனியாகவும் உப்பைத் தனியாகவும் கணக்கிட்டுக் கடைசியில் கூட்டிவிடுகிறது. இரும்பின் மேல் இரண்டும் சேர்ந்து என்ன கூத்தடிக்கும் என்பதற்கு அதில் இடமில்லை. இதனால்தான் சிக்ரி மாதிரி நிறுவனங்கள் இன்னும் தகடு மாட்டிக்கொண்டிருக்கின்றன. சூத்திரம் தகட்டுக்கு மாற்று கிடையாது.

வரைபடத்தில் விழாத இருநூறு மீட்டர்

இப்போது சிக்கலான பகுதிக்கு வருகிறேன்.

நாட்டு வரைபடத்தில் ஒரு நிலையத்துக்கும் அடுத்த நிலையத்துக்கும் இடையில் நூறு கிலோமீட்டர், இருநூறு கிலோமீட்டர் இருக்கும். நடுவில் உள்ள இடங்களைக் கணினி நிரப்பும். ஒரு ஊரில் 80, இன்னொரு ஊரில் 20 என்றால் நடுவில் 50 என்கிற மாதிரி, இன்னும் கொஞ்சம் நேர்த்தியான கணக்கோடு. வெப்பநிலைக்கு இது சரி, ஈரப்பதத்துக்கும் பரவாயில்லை. உப்புக்குச் சரிப்படாது. அலை உடையும் இடத்தில் காற்றில் ஏறும் உப்புத் துளிகளில் கனமானவை முதல் சில நூறு மீட்டருக்குள்ளேயே விழுந்துவிடும். அமெரிக்காவின் வட கரோலினாவில் கியூர் பீச் என்ற பழைய சோதனைத் திடல் இருக்கிறது. அங்கே கடலிலிருந்து 25 மீட்டரில் ஒரு வரிசை, 250 மீட்டரில் இன்னொரு வரிசை. ஒரே தகடு, ஒரே வானிலை. முன்வரிசையில் இரும்பு பல மடங்கு வேகமாகப் போகிறது. அந்த 225 மீட்டரை இந்திய வரைபடத்தில் வரைந்தால் பேனா முனையின் தடிமன்கூட வராது.

இதை எழுதும்போது இன்னொரு செய்தி நினைவுக்கு வருகிறது. இந்தியக் கடற்கரையின் நீளம் 7,516 கிலோமீட்டர் என்றுதான் நாமெல்லாம் பள்ளியில் மனப்பாடம் செய்தோம். அண்மையில் உள்துறை அமைச்சகத்தின் ஆண்டறிக்கையில் அது 11,098 ஆகிவிட்டது. புது நிலம் எதுவும் முளைக்கவில்லை. முன்பைவிட நுணுக்கமான அளவில் வரைபடம் வைத்து, கழிமுகத்தையும் வளைவையும் நெளிவையும் விடாமல் அளந்திருக்கிறார்கள். அரிமான வரைபடத்திலும் இதே கதைதான். கிட்டே போய்ப் பார்க்கப் பார்க்க ஆபத்தான கரை நீண்டுகொண்டே போகும்.

தங்கச்சிமடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அது தீவு. அக்கா வீட்டிலிருந்து வடகடல் இருநூறு அடி தூரம்தான். தென்கடல் அந்தப் பக்கம். தென்மேற்குப் பருவத்தில் கச்சான் அடிக்கும்போது மன்னார் வளைகுடாவிலிருந்து உப்பு வரும். வடகிழக்குப் பருவத்தில் வாடை அடிக்கும்போது பாக் விரிகுடாவிலிருந்து வரும். மற்றக் கடற்கரை ஊர்களுக்கு வருடத்தில் சில மாதமாவது காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகும், இரும்புக்குக் கொஞ்சம் ஓய்வு. தீவுக்காரர்களுக்கு அந்த ஓய்வு கிடையாது. பாம்பன் பாலத்தைப் பற்றி எழுதும் எல்லோரும் 'உலகிலேயே மியாமிக்கு அடுத்தபடியாகத் துருப்பிடிக்கும் இடம்' என்று ஒரு வரி சேர்ப்பார்கள். அந்த வரியில் எந்த வருடத்து அளவு, எத்தனை மைக்ரான் என்பது மட்டும் வரவே வராது. எனக்கு அந்த ஒலிம்பிக் வரிசையில் நம்பிக்கையில்லை. ஆனால் 1914இல் திறந்த அந்த இரும்புப் பாலத்தை இத்தனை காலமும் பெயிண்ட் டப்பாவோடு ஆட்கள் காப்பாற்றினார்கள் என்பதும், 2022 டிசம்பரோடு அதில் ரயில் நின்றுபோனது என்பதும் உண்மை. 2025 ஏப்ரல் 6இல் திறந்த புதுப் பாலத்தில் கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியையும், மேலே துருவைத் தடுக்கும் பாலிசிலாக்சேன் பூச்சையும் போட்டிருக்கிறார்கள். வரைபடத்தைப் படித்தவர்கள் செய்கிற வேலை அது.

கொட்டகையின் கீழ்ப்பக்கம் முதலில் போனதற்குக் காரணமும் இப்போது தெளிவு. மேல்பக்க உப்பை ஐப்பசி, கார்த்திகை மழை கழுவிவிட்டது. கீழ்ப்பக்கம் படிந்த உப்பு அப்படியே இருந்தது, வெயிலும் படாமல் ஈரம் காயாமல் நின்றது. இரண்டு ஷீட் ஒன்றின் மேல் ஒன்று ஏறும் இடுக்கில் இன்னும் மோசம். வரைபடத்துக்கான தகடுகள் பெரும்பாலும் திறந்தவெளியில்தான் மாட்டப்படுகின்றன. அதனால் வரைபடம் சொல்லும் எண் அக்கா கொட்டகையின் மேல்பக்கத்துக்குத்தான் பொருந்தும். ஓட்டை விழுந்த பக்கத்துக்கு வரைபடத்தில் நிறமே இல்லை. ஊர்க்காரர்களுக்கு இது தெரியும். பக்கத்து வீட்டு வெல்டிங் பட்டறைக்காரர் கேட்டாரே: "அடியில பெயிண்ட் அடிக்காம எவனாவது தகரம் போடுவானா?"

நிறம் மாறும் காலம்

கடல் எங்கேயும் போகாது. புகை மாறும். 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 என்ற வண்டிப் புகை விதி வந்தபோது பெட்ரோல், டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்காக இறங்கியது. நகரத்துத் தெருக்களில் வண்டிப் புகையால் வரும் கந்தகம் அதோடு பெருமளவு போயிற்று. அனல்மின் நிலையம் வேறு மாதிரி. 2015 டிசம்பரில் புகையிலிருந்து கந்தகத்தைப் பிரிக்கும் கருவிகளைப் பொருத்தச் சொல்லி விதி வந்தது. கெடு பல முறை தள்ளிப்போனது. 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு அந்தக் கட்டாயம் விலக்கப்பட்டது. நம் நிலக்கரியில் கந்தகம் குறைவு, காற்றில் அளவு வரம்புக்குள்தான் இருக்கிறது என்பது சொல்லப்பட்ட காரணம். மனித நுரையீரல் கணக்கில் அந்த வாதம் சரியா என்பதை மருத்துவர்கள் பேசட்டும். இரும்பின் கணக்கில் ஒன்று சொல்லலாம்: அந்தச் சூத்திரத்தில் கந்தகத்துக்கு வரம்பு என்று ஒன்று கிடையாது, முதல் மில்லிகிராமிலிருந்தே அது எண்ணத் தொடங்கிவிடுகிறது. அதுவும் அந்த வளைவு ஆரம்பத்தில்தான் செங்குத்து.

ஹட்சன் பார்த்த தில்லியும் இப்போது இல்லை. ஐஐடி மெட்ராஸ் ஆய்வாளர்கள் தலைமையில் 2021இல் வெளிவந்த ஒரு ஆய்வு, தில்லிக் குளிர்காலப் பனிமூட்டத்தில் குளோரைடு வியக்கத்தக்க அளவு இருப்பதைக் காட்டியது. கடல் அங்கிருந்து ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி. இந்தக் குளோரின் வருவது குப்பையும் பிளாஸ்டிக்கும் எரிவதிலிருந்தும் ஆலைகளிலிருந்தும். காற்றில் மிதப்பதும் தகட்டில் படிவதும் ஒன்றல்ல, நேராக அரிமானக் கணக்கில் போட முடியாது. இருந்தாலும் 'உள்நாடு, உப்பில்லை' என்று பழைய வரைபடம் நம்பிய இடத்தில் ஒரு கேள்விக்குறி விழுந்துவிட்டது. ஈரமான குளிர்கால இரவு, கந்தகம், இப்போது குளோரைடும். அந்தத் தூணுக்குப் பக்கத்தில் ஹட்சனைப் போல மறுபடி யாராவது ஒரு எஃகுத் துண்டை வைக்கவேண்டும்.

வருடம் ஏற ஏற என்ன ஆகும் என்பதும் நிறத்தில் தெரியாது. துரு தானே ஒரு போர்வை மாதிரி மூடுவதால் பின்வரும் வருடங்களில் வேகம் குறையும். இதே வரிசையில் அடுத்த தரநிலையான ஐஎஸ்ஓ 9224 கணக்கில் பத்து வருட இழப்பு முதல் வருடத்தைப் போல் பத்து மடங்கு ஆகாது, மூன்றேகால் மடங்கைவிடச் சற்று அதிகம், அவ்வளவுதான். ஆனால் உப்புக்காற்றில் துரு போர்வையாகப் படியாமல் செதில் செதிலாக உதிரும், வேகம் குறையாமலே ஓடும். என் கையில் அப்பளமாக உதிர்ந்தது அதுதான்.

அக்கா வீட்டில் இப்போது

கொட்டகைக்கு இந்த முறை மச்சான் சிமெண்ட் ஷீட் போட்டுவிட்டார். தகரத்தின் மேல் அவருக்குக் கோபம், என் மேலும் கொஞ்சம். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. காரைக்குடியில் பட்டறையில் 10க்கு 15 சென்டிமீட்டரில் மூன்று மில்லி மென்னெஃகுத் தகடு ஆறு வெட்டிவாங்கினேன். ஒரு ஓரத்தில் சின்னத் துளை. தின்னர் போட்டுத் துடைத்து, தெரிந்த நகைக்கடையில் எடை போடப் போனேன். நம் வீட்டுத் தராசில் கிராமுக்குக் கீழே தெரியாது. கடைக்காரர் தட்டில் வைத்த தகட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இரும்பையா சார் எடை போடச் சொல்றீங்க?" ஆனாலும் ஆறையும் போட்டு, ஒவ்வொன்றின் எண்ணையும் எடையையும் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தார். கூலி வாங்கவில்லை.

மூன்று என் வீட்டில்: மொட்டைமாடியில் ஒன்று, சாய்ப்புக்கு அடியில் ஒன்று, குளியலறை வெளிச்சுவரில் ஒன்று. மூன்று அக்கா வீட்டில்: வடகடலைப் பார்த்த சுவரில் ஒன்று, கொட்டகையின் கூரைக்கு அடியில் மழைபடாமல் ஒன்று, தெருப்பக்கத்தில் வேப்ப மரத்துக்குப் பின்னால் காற்று மறைவில் ஒன்று. நைலான் கயிற்றில்தான் கட்டியிருக்கிறேன், கம்பியில் இல்லை. போன தையில் மாட்டியது. மரத்துக்குப் பின்னால் தொங்குவதை அக்கா திருஷ்டிக்குக் கட்டியதாக அக்கம்பக்கத்தில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவளும் மறுக்கவில்லையாம்.

வருகிற தையில் இறக்கி, துருவைக் கழுவி, அதே நகைக்கடைக்குப் போகவேண்டும்.